செல்ஃப் எடுக்காத பழைய டீசல் கார்: கேள்வி பதில்

இண்டிகா 1.4, அம்பாசடர் டீசல், பொலேரோ டிஐ மாதிரி 12 வோல்ட் பழைய டீசல் வண்டி வச்சிருக்கிறவங்க செல்ஃப் (இன்ஜினைச் சுத்திக் கிளப்புற ஸ்டார்ட்டர் மோட்டார்) பத்திப் பலர் கேட்டதுக்கு ஒருத்தர் சொன்ன பதில்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பினா "டக்"னு ஒரே ஒரு சத்தம், அதோட சரி. செல்ஃப் போச்சு, புதுசு போடணும்னு மெக்கானிக் சொல்றார். போட்டுடலாமா சார்?

பதில்: அவசரப்படாதீங்க. ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க. லைட் மங்கி அணையுற மாதிரி ஆனா பேட்டரி, டெர்மினல் பக்கம் பாருங்க. அது ரெண்டும் சரியா இருந்தா செல்ஃபோ இன்ஜினோ இறுகியிருக்கு. லைட் கொஞ்சமும் மங்கலையா? அப்போ கரண்ட் மோட்டாருக்குள்ள போகவே இல்ல.

அடுத்து மல்டிமீட்டர். வண்டி சும்மா நிக்கும்போது பேட்டரியில 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ், 12.2 இருந்தா பாதிதான். சாவியைத் திருப்பிப் பிடிக்கும்போது 9.6க்குக் கீழ விழுந்தா பேட்டரியை லோடு டெஸ்ட் (கரண்டை இழுக்கவிட்டுப் பார்க்கிற சோதனை) பண்ணுங்க.

பேட்டரி தேறிடுச்சுன்னா சோலினாய்டுக்கு, அதாவது செல்ஃப் மேல இருக்கிற காந்த ஸ்விட்சுக்கு, வாங்க. அதுல ரெண்டு தடி போல்ட் இருக்கும். ஒண்ணு பேட்டரி வயர் வர்றது, இன்னொண்ணு மோட்டாருக்குள்ள போறது. மீட்டரோட கறுப்பு முனையை செல்ஃப் பாடியில வச்சு, ஒருத்தரை சாவி திருப்பச் சொல்லுங்க. முதல் போல்ட்ல 12 கிட்ட காட்டி, "டக்" சத்தம் வந்தும் ரெண்டாவதுல ஒண்ணுமே இல்லன்னா, உள்ள இருக்கிற செம்புக் காண்டாக்ட் கருகியிருக்கு. ரெண்டுலயும் வோல்ட் வந்தும் மோட்டார் அசையலன்னா, சுத்துற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ஞ்சிருக்கும், இல்ல அது உரசுற செம்பு உருளை (கம்யூட்டேட்டர்) கெட்டிருக்கும். இந்த எதுக்குமே முழு செல்ஃப் மாத்த வேண்டிய கட்டாயம் இல்ல.

கேள்வி: எனக்கு ஒரு "டக்" இல்லண்ணே, "டக்டக்டக்"னு விடாம அடிக்குது.

பதில்: பேட்டரி டவுன், இல்ல டெர்மினல் லூஸ். சோலினாய்டு இழுக்குது, மோட்டார் கரண்டை உறிஞ்சின உடனே வோல்ட் விழுது, பிடி விடுது, திரும்ப இழுக்குது. செல்ஃப் மேல பழி போடாதீங்க.

கேள்வி: பேட்டரி புதுசு. ஆனாலும் காலையில முக்கி முக்கித்தான் சுத்துது. ஹீட்டர் பிளக் நாலும் மாத்தியாச்சு.

பதில்: ஹீட்டர் பிளக் சூடு கொடுக்க மட்டும்தான், அதுக்கும் சுத்துற வேகத்துக்கும் சம்பந்தமே இல்ல. டீசல் இன்ஜின் காத்தை அமுக்கிக் கிடைக்கிற சூட்டுலதான் பத்திக்கும். மெதுவா சுத்தினா அந்தச் சூட்டை சிலிண்டர் சுவரே குடிச்சிடும். அதனாலதான் பெட்ரோல் கார் கிளம்பிடுற வேகத்துல டீசல் கிளம்பாது.

நீங்க பார்க்க வேண்டியது வோல்டேஜ் டிராப், அதாவது கரண்ட் வர்ற வழியிலயே எவ்வளவு வோல்ட் வீணாகுதுங்கிறது. பலரும் தொடாம விடுறது இதைத்தான். வண்டி கிளம்பிடாம இருக்க, பம்புல டீசலை நிறுத்துற சோலினாய்டு வயரைக் கழற்றிடுங்க. மீட்டரோட ஒரு முனை பேட்டரி பிளஸ் போஸ்ட்ல (கிளாம்ப் மேல இல்ல, ஈய போஸ்ட் மேலயே), இன்னொரு முனை செல்ஃபோட பேட்டரி போல்ட்ல. சுத்தும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. அதே மாதிரி மைனஸ் போஸ்ட்டுக்கும் செல்ஃப் பாடிக்கும் நடுவுல 0.3க்குள்ள இருக்கணும். டீசல் செல்ஃப் சுலபமா 300 ஆம்பியர் இழுக்கும். வழியில வெறும் 0.005 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கயே காலி. சும்மா இருக்கும்போது வயரை அளந்தா இது தெரியவே தெரியாது, லோடு இருக்கும்போதுதான் மாட்டும்.

பழைய வண்டியில பெரும்பாலும் குற்றவாளி கியர்பாக்ஸ்லருந்து சேஸிஸ்க்குப் போற எர்த் பட்டை. கழற்றி, துரு, பெயின்ட் எல்லாம் சுரண்டிட்டு மாட்டுங்க. பச்சை பூத்திருந்தா புதுசு போடுங்க.

ரெண்டு பக்கமும் சரின்னா, செல்ஃபுக்குள்ள புஷ் (தண்டைத் தாங்குற வளையம்) தேய்ஞ்சு, ஆர்மேச்சர் (நடுவுல சுத்துற பாகம்) சுத்தியிருக்கிற காந்தத் துருவத்து மேல உரசுதான்னு பாருங்க. உரசின இடம் பளபளன்னு தெரியும்.

கேள்வி: செல்ஃப் "ஙொய்"னு தனியா சுத்துது, இன்ஜின் அசையல.

பதில்: பெண்டிக்ஸ் (செல்ஃப் முனையில பினியன்ங்கிற சின்னப் பல்சக்கரத்தோட இருக்கிற ஒருவழிக் கிளட்ச்) வழுக்குது, இல்ல அது கோக்கிற ஃபிளைவீல் விளிம்புப் பல் வளையத்துல, அதாவது ரிங் கியர்ல, பல் போயிருக்கு. ரெண்டுல எதுன்னு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. இக்னிஷனை ஆஃப் பண்ணி, டாப் கியர்ல போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளுங்க, பிறகு நியூட்ரல் பண்ணி செல்ஃப் அடிங்க. இப்போ பிடிச்சா ரிங் கியர்தான். நாலு சிலிண்டர் இன்ஜின் நிக்கிறது பெரும்பாலும் எதிரெதிரா ரெண்டு இடத்துல, அங்க இருக்கிற பல்லுதான் அடி வாங்கும். எங்க நிறுத்தினாலும் வழுக்கினா பெண்டிக்ஸ். கழற்றின பிறகு பினியனைக் கையால திருப்பிப் பாருங்க: ஒரு பக்கம் லேசா சுத்தணும், மறுபக்கம் ஆர்மேச்சரோட சேர்ந்து பிடிக்கணும்.

கேள்வி: நானே கழற்றி மாட்டலாம்னு இருக்கேன். என்னென்ன கவனிக்கணும்?

பதில்: முதல்ல பேட்டரி மைனஸைக் கழற்றுங்க. இதைத் தவிர்க்கவே கூடாது. செல்ஃபுக்கு வர்ற தடி வயர்ல பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது, சாவி ஆஃப்ல இருந்தாலும் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் பாடியில பட்டா வயரே உருகிடும். அடியில படுக்கிறதா இருந்தா ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டு போடுங்க.

வயர்களைப் போட்டோ எடுத்துட்டுக் கழற்றுங்க. தடி வயர் நட்டைத் திருப்பும்போது அடியில இருக்கிற நட்டை இன்னொரு ஸ்பேனரால பிடிச்சுக்குங்க, இல்லன்னா செம்பு போல்ட்டே சுத்தி உள்பக்க இணைப்பு அறுந்துடும். நல்லா இருந்த சோலினாய்டு இப்படித்தான் பாழாகுது. பிறகு ரெண்டு, மூணு மவுண்டிங் போல்ட். மேல் போல்ட் கைக்கு எட்டாது, நீள எக்ஸ்டென்ஷனோட சாக்கெட் வேணும். கடைசி போல்ட் வரும்போது ஒரு கையால செல்ஃபைத் தாங்குங்க, மூஞ்சிக்கு நேரா விழும். நடுவுல ஸ்பேசர் தகடு இருந்தா அது திரும்ப அதே இடத்துக்குப் போகணும்.

செல்ஃப் வெளியே இருக்கும்போதே அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு, கிராங்க் புல்லியை (இன்ஜின்ல பெல்ட் ஓடுற சக்கரம்) ஸ்பேனரால திருப்பித் திருப்பி ரிங் கியர் முழுச் சுத்தும் பாருங்க. புதுசையும் பழசையும் பக்கத்துல வச்சு பினியன் பல் எண்ணிக்கை, சுத்துற திசை, ஃபிளாஞ்சு ஓட்டை, கிலோவாட் நாலையும் ஒப்பிடுங்க. ஒரு பல் வித்தியாசம் போதும், ரிங் கியரைத் தின்னுடும். மாட்டுற முகத்துல பெயின்ட், ஆயில் இருக்கக் கூடாது. செல்ஃபுக்கு எர்த் அது வழியாத்தான்.

கேள்வி: ரிப்பேரா, புதுசா?

பதில்: ஆர்மேச்சர் கருகலன்னா ரிப்பேர்தான் என் ஓட்டு. பாதிக்கு மேல தேய்ஞ்ச பிரஷ், புஷ், சோலினாய்டு காண்டாக்ட் மூணையும் ஒரே தடவையில மாத்திடுங்க. புது புஷ்ஷை ராத்திரி முழுக்க இன்ஜின் ஆயில்ல ஊறவச்சுப் போடணும். கம்யூட்டேட்டரை எமரி தாள்ல தேய்க்காதீங்க, தூள் இடுக்குல போய் ஷார்ட் ஆகும். மரத்துக்குப் போடுற நைஸ் சாண்ட்பேப்பர் போதும். சென்னை பாடியில இருக்கிற லூகாஸ் டிவிஎஸ் தயாரிப்பா இருந்தா தனித்தனி பாகம் சுலபமா கிடைக்கும். பேர் இல்லாத மலிவு செல்ஃபைவிட, நல்லா ரிப்பேர் பண்ணின ஒரிஜினல் எவ்வளவோ மேல்.

கேள்வி: சாவியை விட்ட பிறகும் செல்ஃப் சுத்திட்டே இருந்தது!

பதில்: அப்படி ஆனா உடனே பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்க. காண்டாக்ட் ஒட்டிக்கிச்சு, இல்ல ரிலேவோ இக்னிஷன் ஸ்விட்சோ சிக்கியிருக்கு. பார்க்காம வண்டியை எடுக்காதீங்க.

கேள்வி: சுத்தியலால தட்டினா எடுக்குதே, அப்படியே ஓட்டலாமா?

பதில்: பிரஷ் கடைசி மூச்சுல இருக்குன்னு அர்த்தம். மெக்கானிக் இல்லாத ஊர்ல ஒரு தடவை தட்டி வீடு சேருங்க. ஆனா உள்ள நிரந்தரக் காந்தம் இருக்கிற ரகமா இருந்தா தட்டவே கூடாது, காந்தம் உடைஞ்சிடும்.

கேள்வி: மழைத் தண்ணியில வண்டி முங்கிடுச்சு. செல்ஃப் அடிச்சா "டம்"னு நின்னுடுது.

பதில்: இனி ஒரு தடவைகூட அடிக்காதீங்க. 1.4 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின், கம்ப்ரஷன் 22:1னு வச்சுக்குங்க. பிஸ்டன் மேல போனதும் மிஞ்சுற இடம் சிலிண்டருக்கு 17 மில்லிதான். அதைவிடக் கொஞ்சம் அதிகமா தண்ணி இருந்தாலே பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியைக் கழற்றுங்க, நாலு ஹீட்டர் பிளக்கையும் எடுங்க, கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டுக் கையால மெதுவா ரெண்டு மூணு சுத்து சுத்துங்க. தண்ணி பீச்சி வெளியே வரும், முகத்தைத் தள்ளி வச்சுக்குங்க. இன்ஜின் ஆயில் பால் மாதிரி இருந்தா அதையும் மாத்தணும். செல்ஃபைக் கழற்றிப் பிரிச்சுக் காயவைங்க, பெண்டிக்ஸ் ஷாஃப்ட்ல துரு ஏறினா அடுத்த வாரமே "ஙொய்"னு கத்த ஆரம்பிச்சிடும்.