பூச்சியைத் தேய்க்காதீர்கள், ஊறவிடுங்கள்

ஐப்பசி மழை இறங்கியதும் ஈசல் கிளம்பும். சம்பா வயலோரம் தத்துப்பூச்சி விளக்கைத் தேடி வரும். அதன் பின்னாலேயே பைக் விண்ட்ஷீல்டைப் பற்றிய கடிதங்களும் வரும். இந்த வாரம் அவை மட்டும்தான். வண்டி வாங்கிய நாளிலிருந்து கதை எழுதியவர்கள் மன்னிக்க, கத்தரித்திருக்கிறேன்.

கேள்வி: வேலை முடிந்து இரவில் நாகப்பட்டினத்திலிருந்து பைக்கில் திரும்புகிறேன். வழி நெடுக வயல். காலையில் பார்த்தால் விண்ட்ஷீல்டு முழுக்கப் பூச்சி பசைபோல இறுகிக் கிடக்கிறது. எதை வாங்கிப் போட்டால் போகும்? – எஸ்.கே., திருவாரூர்

பதில்: எதையும் வாங்க வேண்டாம். தண்ணீரும் கால் மணி நேரமும் போதும்.

பூச்சி மோதிச் சிதறும்போது தெறிப்பது அதன் உடல்நீர். அதில் புரதம் இருக்கிறது. காற்று பட்டுக் காய்ந்தால் பிளாஸ்டிக்கில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் சாலைப் புழுதியும் படிந்திருக்கும். காய்ந்த நிலையில் துணியை வைத்துத் தேய்த்தால் கீறுவது பூச்சியல்ல, அந்தப் புழுதியில் உள்ள மணல்.

வண்டியை நிழலில் நிறுத்தி, விண்ட்ஷீல்டு சூடு ஆறியதும் தொடங்குங்கள். முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியை இறக்குங்கள். பழைய பருத்தித் துண்டு ஒன்றை நனைத்து, சொட்டச் சொட்டவே விண்ட்ஷீல்டின் மேல் போர்த்துங்கள். 10 முதல் 15 நிமிடம் அப்படியே இருக்கட்டும். நடுவில் ஒருமுறை துண்டின் மேல் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று நாள் வெயில் தின்ற பூச்சியென்றால் அரை மணி நேரம்கூட ஆகும். வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. கொதிநீர் வேண்டாம்: வெந்த முட்டையைப் போலப் புரதம் இன்னும் இறுகும், பிளாஸ்டிக்குக்கும் கேடு.

துண்டை எடுக்கும்போதே முக்கால்வாசி வந்துவிடும். மிச்சத்துக்கு 1 லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு. திரவம் என்று சொன்னேன், பட்டை சோப்பு அல்ல. பட்டையில் தேய்ப்பதற்கென்றே கல்மாவு சேர்த்திருப்பார்கள். மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்து, மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில், எடை கொடுக்காமல் இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் மெல்லிய கீறல்கள், இரவில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் எந்தக் கோணத்தில் பட்டாலும் மின்னும்.

கடைசியாக நல்ல தண்ணீரில் அலசுங்கள். போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பொட்டு நிற்கும். ஆகவே கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர் அரை லிட்டர். பிறகு இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஹெட்லைட்டுக்கும் இதே முறைதான்.

கேள்வி: வீட்டு ஜன்னலுக்கு வாங்கிய கண்ணாடி ஸ்ப்ரேயும் பழைய செய்தித்தாளும் போதாதா? – வி.ஆர்., ஈரோடு

பதில்: கூடாது. அது கண்ணாடிக்கு, உங்கள் வண்டியில் இருப்பது பிளாஸ்டிக். பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக், இரண்டில் ஒன்று. அம்மோனியா கலந்த ஸ்ப்ரே பாலிகார்பனேட்டைத் தின்னும். ஆல்கஹால் கலந்தது அக்ரிலிக்கில் முடி போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். எந்த ஸ்ப்ரேயில் எது இருக்கிறது என்று தேடுவதைவிட, ‘பிளாஸ்டிக்குக்கு ஏற்றது’ என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஜன்னலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுடையது எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் விண்ட்ஷீல்டின் கீழ் விளிம்பை, பெரும்பாலும் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில், விரலால் தடவிப் பாருங்கள். அச்சு எழுத்து இருந்தால் ‘பிசி’ என்பது பாலிகார்பனேட், ‘பிஎம்எம்ஏ’ என்பது அக்ரிலிக். எழுத்தே இல்லையென்றால் இரண்டுக்கும் ஆகாதவை எல்லாவற்றையும் தவிர்ப்பதே வழி. செய்தித்தாள், டிஷ்யூ பேப்பர் எதுவும் வேண்டாம். இரண்டும் மரநார், பிளாஸ்டிக்கைக் கீறும்.

கேள்வி: டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பூச்சிக் கறையும் கீறலும் சேர்ந்தே போகும் என்று வீடியோவில் பார்த்தேன். உண்மையா? – பி.எம்., விருதுநகர்

பதில்: பல்லைத் தேயுங்கள்.

கேள்வி: வாட்டர் வாஷ் கடையில் ‘பூச்சி, தார், எல்லாம் போகும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது’ என்று சொல்லி 100 மில்லி பாட்டில் ஒன்றை 350 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பாட்டிலில் கடைப் பெயர் தவிர எதுவும் இல்லை. அடித்துத் துடைத்ததும் விண்ட்ஷீல்டு பால் நிறமாகிவிட்டது. கேட்டால் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று போர்டைக் காட்டுகிறார்கள். – ஜே.டி., திண்டுக்கல்

பதில்: தவறு உங்கள் மேல் இல்லை. பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்கள் சொன்னதை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு மேல் வாங்குபவர் என்ன செய்ய முடியும்?

இந்தப் பெயரில்லாத பாட்டில்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 20 லிட்டர் கேனில் வாங்கிய எதையோ சின்னப் பாட்டிலில் ஊற்றி, ஸ்டிக்கர் ஒட்டி விற்பது ஊருக்கு ஊர் நடக்கிறது. உள்ளே இருப்பது காரச் சோப்பா, தின்னரா, எஞ்சின் டிகிரீசரா என்று விற்பவருக்கே தெரியாது. பைக் பெயின்ட் தாங்கும் பொருளைப் பிளாஸ்டிக் தாங்காது. பிளாஸ்டிக்கிலும் அக்ரிலிக் தாங்குவதைப் பாலிகார்பனேட் தாங்காது. ‘எல்லாத்துக்கும் ஆகும் சார்’ என்பது பதிலே இல்லை. ஒரு பாட்டில் எதற்கெல்லாம் ஆகாது என்று சொல்லாதவரை, அது எதற்கு ஆகும் என்றும் நம்ப முடியாது. அப்படி ஒன்றை நானும் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது சைக்கிள் செயின் கழுவத்தான் உதவுகிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அடைத்து விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது அடைத்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்கின்றன 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. ஆகவே அந்தப் பாட்டில் உங்கள் கையில் இருப்பதே ஒரு சாட்சி.

போர்டுக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு குறித்திருந்தால் அதற்குள், குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள். பில் கொடுக்காததும் அதே பட்டியலில்தான் வருகிறது. சுவரில் தொங்கும் போர்டு சட்டத்தை மாற்றாது.

நீங்கள் செய்ய வேண்டியது: மிச்சத் திரவத்தைக் கொட்டாதீர்கள். விண்ட்ஷீல்டைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்யவும் முயலாதீர்கள், சாட்சி போய்விடும். பகல் வெளிச்சத்தில் பாட்டிலையும் விண்ட்ஷீல்டையும் படம் எடுங்கள். பில் இல்லாவிட்டால் ஜிபே, போன்பே எதில் கட்டினீர்களோ அந்தப் பதிவு. பாட்டில் விலை, புது விண்ட்ஷீல்டின் விலைப்பட்டியல் இரண்டையும் சேர்த்துக் கடைக்கு எழுத்தில் கொடுத்து 15 நாள் கெடு வையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 350 ரூபாய்க்கு யார் அலைவார்கள் என்ற கணக்கில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. அலையுங்கள்.

கேள்வி: பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன், பூச்சி பளிச்சென்று போய்விட்டது. ஒரு வாரம் கழித்து ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி விரிசல் ஓடியிருக்கிறது. ஸ்க்ரூ கழலாமல் இருக்கத் திரெட் லாக்கர் பசை போட்டு நன்றாக முறுக்கியிருந்தேன். வாரண்டியில் மாற்றிக் கொடுப்பார்களா? – கே.என்., சேலம்

பதில்: மாட்டார்கள். கொடுக்கவும் வேண்டாம்.

ஒன்றல்ல, மூன்று செய்திருக்கிறீர்கள். பெட்ரோலில் உள்ள கரைப்பான்கள் பாலிகார்பனேட்டுக்குள் இறங்கும். ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் இடம்தான் முதலில் வெடிக்கும். விண்ட்ஷீல்டில் அந்த இடம் ஸ்க்ரூ ஓட்டை. நன்றாக முறுக்கி அந்த இழுவிசையைக் கூட்டியிருக்கிறீர்கள். போதாததற்குத் திரெட் லாக்கர். உலோகத்துக்கு உலோகம் என்றால் சரி, பிளாஸ்டிக்கில் வழிந்தால் அதுவே விரிசலைக் கிளப்பும். அந்தப் பசைக் குழாயின் மேலேயே இந்த எச்சரிக்கை இருந்திருக்கும், படித்தீர்களா?

புது விண்ட்ஷீல்டு போடும்போது ரப்பர் புஷ்ஷும் நைலான் வாஷரும் ஒவ்வொரு ஓட்டையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஸ்க்ரூவையும் முதலில் தளர்வாக மாட்டி, பிறகு எதிரெதிராகக் கையால் இறுக்கி, கடைசியில் ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று. அதிர்வைத் தாங்குவது ரப்பரின் வேலை. விரிசல் விட்டதைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டாதீர்கள். வேகத்தில் அது முகத்துக்கு நேரே உடையும்.

கேள்வி: ஆன்லைனில் ‘பாலிகார்பனேட், உடையாது’ என்று போட்டிருந்த விண்ட்ஷீல்டை வாங்கினேன். பொருத்தும்போதே கண்ணாடித் துண்டுபோல விண்டுவிட்டது. ‘பொருத்திப் பார்த்ததால் ரிட்டர்ன் இல்லை’ என்கிறார்கள். – ஏ.எஸ்., ஆம்பூர்

பதில்: கூர்மையான துண்டுகளாக விண்டது என்றால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். பாலிகார்பனேட் வளையும், அவ்வளவு எளிதில் இப்படி விண்டு போகாது. விற்பனைப் பக்கத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறொன்று. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. பொருத்தாமல் எப்படித் தெரியும் என்று அவர்களையே கேளுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததாக அவர் 48 மணி நேரத்தில் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கு முன்பாக இன்றே அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், ‘பாலிகார்பனேட்’ என்ற சொல் நாளைக்கு அங்கே இருக்காது.

கேள்வி: மகள் ஸ்கூட்டரில் கல்லூரி போகிறாள். ஹெல்மெட் வைசரின் உள்ளே ஆவி படியாமல் இருக்க ஒரு தகடு ஒட்டி வந்தது. பூச்சியைத் துடைத்தபோது அதையும் சேர்த்து அழுத்தித் துடைத்துவிட்டாள், மங்கிவிட்டது. என்ன செய்வது? – ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அம்மா, அந்தத் தகடு ஈரத்தை உறிஞ்சும் மென்மையான பொருள், அதனால்தான் ஆவி நிற்காது. ஈரமாக இருக்கும்போது அழுத்தினால் கீறிக்கொள்ளும், அதைத் திருப்ப முடியாது. பின்லாக் எனப்படும், குமிழில் மாட்டும் வகை என்றால் இரண்டு பக்கமும் உள்ள குமிழிலிருந்து கழற்றி, தகட்டை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம். ஹெல்மெட் மாடலுக்குப் பொருந்துவதைக் கேட்டு வாங்குங்கள். இனி வெளிப்பக்கப் பூச்சிக்கு வைசரைக் கழற்றி, ஈரத் துணி போர்த்தினால் போதும். உள்பக்கம் அழுக்கானால் ஈரத் துணியால் லேசாக ஒற்றிவிட்டுத் தானாகக் காயவிடச் சொல்லுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

கருப்பு வைசர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாலை ஆறுக்கு மேல் அது கூடாது. பூச்சி கிளம்புவதும் அப்போதுதான்.

கேள்வி: மழைத்தண்ணீர் ஒட்டாமல் இருக்கக் கார் கண்ணாடிக்குப் பூசும் திரவத்தை விண்ட்ஷீல்டில் பூசினால் பூச்சியும் ஒட்டாதுதானே? – எம்.எச்., கோவை

பதில்: அது கண்ணாடிக்கென்று செய்தது, கரைப்பானும் அதற்கேற்றதுதான். பிளாஸ்டிக்குக்கென்று தனியாக விற்பது உண்டு. அந்தச் சொல் அட்டையில் இருந்தால் மட்டும். சும்மா கார் வேக்ஸ் மெல்லிசாகப் பூசித் துடைத்தாலே அடுத்த முறை பூச்சி பாதி நேரத்தில் வந்துவிடும், ஆனால் ‘கிளீனர் வேக்ஸ்’, ‘காம்பவுண்ட்’ என்று போட்டது வேண்டாம். அவற்றில் தேய்க்கும் துகள் இருக்கும், மேல்பூச்சை உரித்துவிடும். டேஷ்போர்டு பளபளப்புக்கான சிலிக்கோன் ஸ்ப்ரேயும் வேண்டாம். அதை நானே வாங்கி அடித்தேன்: பகலில் பளபள, இரவில் எதிர் விளக்கு முழுக்கப் பிசிறு.

கேள்வி: ரேடியேட்டர் முழுக்க ஈசல் இறக்கை. பிரஷர் வாஷ் அடிக்கலாமா? – டி.பி., ஓசூர்

பதில்: அடித்தால் தகடுகள் மடங்கி, காற்று போகும் வழி அடைபடும். எஞ்சின் ஆறியபின் சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்னால் விடுங்கள். மிச்சத்துக்கு மென்மையான பிரஷ், தகடு ஓடும் திசையில்.

கேள்வி: நீண்ட பயணத்தில் வழியில் துடைக்க என்ன எடுத்துப்போவது? பெட்ரோல் பங்கில் துடைத்துவிடுகிறார்களே? – ஆர்.எல்., மதுரை

பதில்: அந்தத் துணி உங்களுக்கு முன் எத்தனை லாரியைத் துடைத்ததோ. காசு கொடுத்தாவது வேண்டாம் என்று சொல்லுங்கள். 200 மில்லி ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர், மைக்ரோஃபைபர் துணி இரண்டு. ஒன்று பூச்சிக்கு, ஒன்று காய வைக்க. தனித்தனி ஜிப் கவரில் வையுங்கள், கலந்தால் இரண்டும் வீண். டீக்கு நிறுத்தும்போதே தெளித்து, பூச்சித் துணியை நனைத்து மேலே போட்டுவிடுங்கள். டீ குடித்து முடிப்பதற்குள் ஊறியிருக்கும். வீட்டில் அந்தத் துணிகளைத் துவைக்கும்போது கம்ஃபோர்ட் மாதிரி வாசனைத் திரவம் சேர்க்காதீர்கள், அடுத்த முறை துடைக்கும்போது எண்ணெய்ப் படலம் விடும்.