1600கள்ல வந்த கண்டுபிடிப்புகளை ஃபேன்டசி அட்வென்ச்சரா மாத்துறது எப்படி: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, டேபிளைச் சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி கதை மாதிரி ஆடுற ரோல்-பிளேயிங் கேம்ல, கதையை நடத்துற கேம் மாஸ்டரா நான் இப்பதான் ஆரம்பிக்கிறேன். மேஜிக் இருக்கிற உலகத்துல விஞ்ஞானக் கருவிக்கு என்ன வேலை?

பதில்: மந்திரம் சொன்னா உடனே நடந்துடும் தம்பி, கருவி அப்படி இல்ல, அதுக்கு ஆள் வேணும், பொருள் வேணும், நடுவுல உடையும், அந்தத் தொல்லைலதான் கதையே இருக்கு. ஹாம்பர்க்ல 1669ல ஹென்னிக் பிராண்ட்னு ஒரு ரசவாதி, தங்கம் கிடைக்கும்னு நம்பி மூத்திரத்தை ஏகப்பட்டது சேர்த்து வெச்சுக் காய்ச்சினார், கிடைச்சது இருட்டுல தானா ஒளிவிடுற பாஸ்பரஸ். லேசா சூடு ஏறினாலே பத்திக்கும், அதனால தண்ணிக்குள்ள போட்டுத்தான் வெக்கணும். என் கேம்ல திருடன் அந்த ஜாடியைத் தூக்கிட்டு ஓடுறான், ஜாடில விரிசல், தண்ணி சொட்டுச்சொட்டா வடியுது, ரவுண்டுக்கு ஒரு தடவை டைஸ் உருட்டணும். டேபிள்ல ஒருத்தரும் பேசல.

கேள்வி: தண்ணிக்கு அடியில போற மாதிரி ஒரு செஷன் வேணும், சுவாச மந்திரம் இல்லாம முடியுமா?

பதில்: தாராளமா. டச்சுக்காரர் கார்னெலிஸ் டிரெபெல் 1620 வாக்குல லண்டன் தேம்ஸ் ஆத்துல ஒரு நீர்மூழ்கிய ஓட்டினார், மரச்சட்டத்து மேல கொழுப்பு தடவின தோல், துடுப்பு போட்டுத்தான் நகர்த்தணும். வெடியுப்பைச் சூடாக்கி உள்ள காத்தைப் புதுப்பிச்சிருப்பார்னு ஒரு கருத்து இருக்கு, வெடியுப்பைக் காய்ச்சினா ஆக்ஸிஜன் வர்றது நிஜம். அப்போ மூடின படகுக்குள்ள நெருப்பு எரியணும், அந்த வெடியுப்பும் ஒரு மூட்டைதான் இருக்கு, துடுப்பு போடுறவனுக்குத் தலை சுத்த ஆரம்பிக்குது. இதுக்கு மேல மான்ஸ்டரே தேவையில்ல.

கேள்வி: டெலஸ்கோப்?

பதில்: எல்லாரும் யூஸ் பண்ணியாச்சு, விட்டுடுங்க. அதுக்குப் பதிலா பாரோமீட்டர், அதாவது காத்தழுத்தம் அளக்கிற கருவி, அதை எடுங்க. 1648ல பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் கேட்டுக்கிட்டதால அவரோட அக்கா புருஷன் பெரியே, பாதரசக் குழாயை பிரான்ஸ்ல இருக்கிற பியூய் த டோம் மலை உச்சிக்குத் தூக்கிட்டுப் போனார், மேல போனதும் பாதரசம் மூணு அங்குலத்துக்கு மேல இறங்கிடுச்சு. கீழ ஒரு துறவி இன்னொரு குழாயை நாள் பூரா பார்த்துட்டே இருந்தார், அதுல மாற்றமே இல்ல. உங்க கதையில கீழ இருக்கிற குழாயும் இறங்கினா? புயலா, இல்ல வேற ஏதாவது வருதான்னு பிளேயர்ஸே குழம்பட்டும்.

கேள்வி: பாஸ் ஃபைட்டை, அதான் பெரிய வில்லனோட நடக்கிற முக்கியச் சண்டையை, வெறும் அடிதடியா இல்லாம எப்படிக் கொண்டு போறது?

பதில்: எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதான். உருகின கண்ணாடியைத் தண்ணில சொட்டவிட்டா வால் வெச்ச ஒரு துளி கிடைக்கும், இளவரசர் ரூபர்ட் பேர்லதான் சொல்வாங்க, 1660கள் தொடக்கத்துல லண்டன் ராயல் சொசைட்டிங்கிற விஞ்ஞானிகள் சங்கத்துல இதை ஆராய்ஞ்சாங்க. தலையில சுத்தியலால அடிச்சாலும் தாங்கும், வாலை விரலால ஒடிச்சா மொத்தமும் பொடிப்பொடி. வெளிப்பக்கம் முதல்ல ஆறி இறுகிடுது, உள்பக்கம் அப்புறமா சுருங்கி அதை இழுத்துப் பிடிக்குது, வால்ல விரிசல் விழுந்தா அந்த இழுவிசை எல்லாம் ஒரே நொடில விட்டுப்போயிடும். நான் ஒரு கண்ணாடி ராட்சசனுக்கு இதையே இதயமா வெச்சேன். மூணு ரவுண்டு கோடாலியால அடிச்சுப் பார்த்தாங்க, கீறல் கூட இல்ல. அப்புறம் ஒரு பொண்ணு, "அதோட வால் எங்க போய் முடியுது?"ன்னு கேட்டா.