ஸ்விஃப்ட்டுக்கு 15 இன்ச் வீல் போடலாமா?

என்னிடம் இருப்பது 2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. 14 இன்ச் ஸ்டீல் வீலைக் கழற்றிவிட்டு 15 இன்ச் அலாய் போட ஆசை. 195/65 ஆர்15 டயர் போடச் சொல்கிறார் கடைக்காரர். சரிதானா?
- வாசகர், நாமக்கல்

வீல் சரி, அந்த டயர் வேண்டாம். உங்கள் காரில் உள்ள 165/80 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 620 மி.மீ. 185/65 ஆர்15 போட்டால் 621.5 மி.மீ. வரும். வித்தியாசம் வெறும் 0.3%. ஸ்விஃப்டின் உயர் ரகமான இசட்எக்ஸ்ஐயில் கம்பெனியே தருவதும் இந்த அளவுதான். 195/65 என்றால் 634.5 மி.மீ.! ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டும், பிக்-அப் மந்தமாகும், ஆள் நிறைய ஏறினால் வீல் ஆர்ச்சில் உரசவும் கூடும்.

அலாய் வாங்கும்போது 4 போல்ட், 100 மி.மீ. பிசிடி (போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம்) என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். வீலின் நடுத்துளைக்குள் பொருந்தும் ஸ்விஃப்ட் ஹப்பின் விட்டம் 54.1 மி.மீ. வெளியில் விற்கும் அலாய்களில் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போடாவிட்டால் வீல் மையம் விலகி, வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் உதறக்கூடும். பேலன்ஸிங் எத்தனை முறை செய்தாலும் அந்த உதறல் போகாது. நட்டின் அடிப்பகுதி வடிவமும் அலாய்க்குப் பொருந்த வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரென்ச்சால் (குறிப்பிட்ட அளவு விசையில் நட்டை இறுக்கும் ஸ்பேனர்) மறுபடி இறுக்கிவிடுங்கள்.

ஸ்டெப்னி 14 இன்ச்சாகவே இருக்கட்டும். பஞ்சர் கடைவரை ஓட்டப் போதும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

ஒரிஜினல் ஃப்ளோர் மேட் மேலேயே, தரை முழுவதையும் மூடும் 7டி மேட் போடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

கூடாது. டிரைவர் பக்கம் இரண்டு மேட் இருந்தால் மேலே உள்ளது நழுவி ஆக்ஸிலரேட்டரை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பழையதை எடுத்துவிட்டு, தரையிலுள்ள கொக்கியில் மாட்டும் மேட்டாகப் பார்த்து வாங்குங்கள்.