அக்காக்களின் கையெழுத்து: கடிதமும் பதிலும்

அம்மா, வணக்கம்.

பெண்களுக்கு இன்னும் சமத்துவம் வரவில்லை என்று தொடர்ந்து எழுதுகிறீர்கள். சட்டம் எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் பெண்ணியம் பேசுகிறவர்கள் எதற்காகப் போராடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என் வீட்டையே சொல்கிறேன். அப்பா போன ஐப்பசியில் தவறினார். உயில் எழுதவில்லை. தாத்தா வழியில் வந்த 3 ஏக்கர் 20 சென்ட் கிணற்றுப் பாசன நிலமும், அப்பா கட்டிய ஓட்டு வீடும் இருக்கின்றன. அம்மா என்னோடு இருக்கிறார். எனக்கு இரண்டு அக்காக்கள். பெரியவருக்கு 1986இல் கல்யாணம், சின்னவருக்கு 1993இல். இருவருக்கும் சக்திக்கு மீறி நகையும் சீரும் செய்தோம். இப்போது இருவரும் தாங்களாகவே, தங்கள் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரத்தை எனக்கு எழுதித் தருகிறார்கள். அம்மாவும் கையெழுத்துப் போடுகிறார். அடுத்த மாதம் பதிவு. என் மனைவி உங்கள் கட்டுரையைக் காட்டி, இது சரியில்லை என்கிறாள். மனமொப்பித் தருவதை வாங்கிக்கொள்வதில் என்ன அநியாயம்? சமத்துவம் என்று சொல்லி, கூடப்பிறந்தவர்களின் உறவைக் கெடுப்பதுதானே நடக்கிறது?

க.ம., நாமக்கல் மாவட்டம்

அன்புள்ள க.ம.,

உங்கள் அக்காக்கள் மனமொப்பித் தருகிறார்கள் என்பதை நம்புகிறேன். எவ்வளவு தருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் நகை வருகிறது, சீர் வருகிறது. பங்கின் அளவு எங்கேயும் இல்லை. முதலில் அதைக் கணக்கிடுவோம்.

நிலம் சட்டப்படியும் பூர்வீகம்தான் என்று வைத்துக்கொள்வோம். 320 சென்ட். அப்பா, நீங்கள், இரண்டு அக்காக்கள் என நால்வரும் பிறப்பால் பங்குடையவர்கள். ஆளுக்கு 80 சென்ட். அப்பாவின் 80 சென்ட் அவர் இறந்ததும் அம்மா, நீங்கள், அக்காக்கள் என நான்கு வாரிசுகளுக்கும் 20 சென்டாகப் பிரிகிறது. ஆக உங்களுக்கு ஒரு ஏக்கர், பெரிய அக்காவுக்கு ஒரு ஏக்கர், சின்ன அக்காவுக்கு ஒரு ஏக்கர், அம்மாவுக்கு 20 சென்ட். வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம் என்பதால் அதில் நால்வருக்கும் கால் பங்கு.

அடுத்த மாதம் பத்திர ஆபீஸில் உங்கள் அக்காக்கள் ஆளுக்கு ஒரு ஏக்கரையும் கால் வீட்டையும் எழுதித் தரப்போகிறார்கள். இந்தக் கணக்கை யாராவது அவர்கள் முன்னால் போட்டுக் காட்டினார்களா?

இந்த ஒரு ஏக்கர் எப்படி வந்தது என்பதையும் உங்கள் நிலத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன். பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரியில் தீர்மானம் போட்டது. அதை நோக்கிய இந்து சட்டத் தொகுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் முடங்கியது, 1951இல் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியிலிருந்து விலகியதற்கு ஒரு முக்கியக் காரணம். 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளைப் பிறப்பால் பங்குடையவளாக ஏற்கவில்லை. அப்பா அந்தக் காலத்தில் இறந்திருந்தால் உங்களுக்கு 200 சென்ட், அம்மாவுக்கும் அக்காக்களுக்கும் ஆளுக்கு 40. தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களை விட்டுவிட்டது. அந்தக் காலகட்டத்தில் அப்பா இறந்திருந்தால் சின்ன அக்காவுக்கு உங்களைப் போலவே 133 சென்ட் கிடைத்திருக்கும். ஒரே வயிற்றில் பிறந்த பெரிய அக்காவுக்கு 27 சென்ட்தான். கல்யாணத் தேதியை வைத்துப் போட்ட அந்தக் கோட்டை 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்திய திருத்தம் அழித்தது. அதன் பிறகும் அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கு இழுத்துக்கொண்டே போய், தேவையில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொன்ன பிறகுதான் முடிந்தது.

தீர்மானத்திலிருந்து தீர்ப்பு வரை 91 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகள் போராடிப் பெற்றது, பத்திர எழுத்தர் கடையில் அரை மணி நேரத்தில் கைமாறிப் போகிறது. பெண்ணியம் பேசுகிறவர்கள் இன்னும் எதற்காகப் போராடுகிறார்கள் என்று கேட்டீர்களே, இதற்காகத்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவின் விவசாயக் கைப்பற்றுகளில், அதாவது ஒருவர் பொறுப்பில் சாகுபடியாகும் நிலங்களின் எண்ணிக்கையில், ஏறத்தாழ 14 சதவீதம்தான் பெண்கள் பொறுப்பில் இருந்தது. நாற்று நடுவதிலும் களையெடுப்பதிலும் பெண்களின் பங்கு எவ்வளவு என்று கிணற்றுப் பாசனக்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, பூர்வீகம் என்ற சொல்லை நம்பிப் பத்திரம் எழுத வேண்டாம். தாத்தாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகம் என்று ஊரில் சொல்கிறோம். தாத்தாவே கிரயம் வாங்கிய நிலமாக இருந்து, அவர் 1956க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அது உங்கள் அப்பாவுக்குத் தனிச் சொத்தாகவே வந்திருக்கிறது. அப்போது பங்கு மாறும்: அம்மா உட்பட நால்வருக்கும் ஆளுக்கு 80 சென்ட். மகனுக்கும் மகளுக்கும் இரண்டு கணக்கிலும் சமம்தான். அம்மாவுக்கோ 20 சென்டா 80 சென்டா என்பது இதில்தான் இருக்கிறது. தாத்தாவின் மூலப் பத்திரத்தையும், அவர் இறந்த ஆண்டையும், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து முந்தைய பாகப்பிரிவினை உண்டா என்பதையும் சரிபார்த்த பிறகே யார் பங்கு எவ்வளவு என்று எழுத முடியும். பட்டாவில் அப்பா பெயர் இருப்பதால் மட்டும் இது தெரியாது.

நகைக்கு வருகிறேன். கல்யாணத்தில் போட்டதைப் பங்கில் கழித்துக்கொள்ளலாம் என்று வாரிசுரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. நியாயத்தின்படி பார்த்தாலும் கணக்கு சரியாக வராது. அந்த நகையில் எவ்வளவு இன்று அக்காக்களின் கையில் இருக்கிறது? கணவனின் தொழிலுக்கும், கொழுந்தனின் படிப்புக்கும், பிள்ளைகளின் கட்டணத்துக்கும் அடகுக் கடைக்குப் போய் மீளாத நகைதான் நம் வீடுகளில் அதிகம். மாப்பிள்ளை வீடு கேட்டு வாங்கியதை மகளுக்குக் கொடுத்ததாக எழுதுவது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். நிலம் அப்படிக் கரைவதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் செய்த ஆய்வில், சொத்து எதுவும் இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். நிலமும் வீடும் தன் பெயரில் இருந்தவர்களில் அது 7 சதவீதம். தனக்கென்று போக ஓர் இடம் உண்டு என்பது கணவனுக்கும் தெரிந்திருப்பது அவ்வளவு பெரிய காவல்.

அம்மாவை நீங்கள்தானே பார்த்துக்கொள்கிறீர்கள் என்ற நினைப்பு கடிதத்தில் இழையோடுகிறது. அது மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் மணமான மகளும் பெற்றோருக்கு ஜீவனாம்சம் தரக் கடமைப்பட்டவள் என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே சொல்லிவிட்டது. 2007இன் மூத்த குடிமக்கள் சட்டமும் மகன், மகள் இருவர் மீதும் அந்தப் பொறுப்பை வைக்கிறது. 1987இல் கடமையில் சமம் வந்து 18 ஆண்டுகள் கழித்துத்தான் பூர்வீகத்தில் நாடு முழுவதற்கும் உரிமை வந்தது. சொத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும் என்ற பயத்துக்கும் சட்டத்தில் பதில் உண்டு. தாய் தந்தையிடமிருந்து வாரிசாகக் கிடைத்த சொத்தை, பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாமல் ஒரு பெண் உயில் எழுதாமல் விட்டுச் சென்றால், அது கணவன் வீட்டாருக்குப் போகாது, தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும்.

இனி முக்கியமான கேள்வி. அவர்களே விரும்பித்தானே தருகிறார்கள் என்கிறீர்கள். உங்கள் அக்கா மகளின் காதுகுத்துக்கும் பூப்பு நீராட்டுக்கும் தாய்மாமன் சீர் நீங்கள் கொண்டுபோனீர்கள். சபையில் மாமன் வந்து நிற்காத பெண்ணின் நிலை என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கணவன் வீட்டில் ஒன்று என்றால் நாலு நாள் வந்து தங்க ஒரு வாசல் வேண்டும். பங்கு கேட்டால் அந்த வாசல் அடைபடும், அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகும் என்ற அச்சம் அவர்கள் மனத்தில் சிறுவயதிலிருந்தே இருக்கிறது. அன்பும் உண்மை, அந்த அச்சமும் உண்மை. இரண்டும் கலந்த நிலையில் போடும் கையெழுத்தை முழு விருப்பம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் பங்கை விட்டுக்கொடுத்தால்தான் அக்கா வீட்டு வாசல் உங்களுக்குத் திறக்கும் என்று யாரும் உங்களிடம் சொன்னதில்லை. உறவைக் கெடுப்பது சமத்துவம் என்று எழுதினீர்கள். ஒரு ஏக்கரை விலையாகக் கேட்கும் உறவில் கோளாறு அதற்கு முன்பே இருக்கிறது.

உங்கள் மனைவி கேட்ட கேள்வியை அவருடைய பிறந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். அவர் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பத்திரத்துக்கு வருவோம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. இந்தச் சலுகையைக் காட்டித்தான் சிறிய தொகை ஒன்றைப் போட்டு முடித்துவிடலாம் என்று சொல்வார்கள். ரொக்கம் பெற்றுக்கொண்டேன், இனி மேற்படி சொத்தில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் பாத்தியமில்லை என்ற வரிதான் விடுதலைப் பத்திரத்தின் உயிர். உண்மையில் கொடுக்காத தொகையை அதில் எழுதாதீர்கள். நாளை வழக்கு வந்தால் முதலில் குடையப்படும் இடம் அதுதான். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, அதற்கான காரணம் தெரியவந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் காலவரம்பு. எனவே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு இதை வாசிக்கும் பெண்கள் தாமதிக்க வேண்டாம். அப்பா உயிரோடிருக்கும்போதே அவருடைய சுயசம்பாத்தியத்தில் வரப்போகும் பங்கை விடுதலை செய்து கொடுத்திருந்தால், அது பொதுவாகச் செல்லாது. வராத உரிமையை மாற்றித்தர முடியாது. ஆனால் அதற்குப் பணம் வாங்கியிருந்தால் பின்னால் பங்கு கேட்பது தடைபடலாம். வழக்கறிஞரிடம் காட்டிப் பாருங்கள்.

அம்மாவின் கையெழுத்தை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அவர் விடுதலை கொடுத்த பிறகு உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், உங்கள் மனைவி மக்களோடு ஒரு வாரிசாக நின்றுதான் தன் கணவரின் வீட்டில் பங்கு கேட்க வேண்டியிருக்கும். அவரே எழுதித்தர விரும்பினால், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்காதபோது பத்திரத்தை ரத்து செய்யும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த வரியைத்தான் தேடும்.

நிலத்தைத் துண்டாக்கினால் வெள்ளாமை நடக்காது, கூட்டுப் பட்டா இருந்தால் பயிர்க்கடனுக்கு எல்லாருடைய சம்மதமும் வேண்டும் என்பது நியாயமான கவலை. அதற்கு வழி பாகப்பிரிவினைப் பத்திரம். அதற்கும் குடும்பத்துக்குள் தீர்வை 1 சதவீதம்தான். சர்வேயரை வைத்து அளந்து, ஆளுக்கு ஒன்றாக ஏ, பி, சி, டி என்று ஷெட்யூல் (சொத்து விவரப் பட்டியல்) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கெல்லை எழுதுங்கள். தகராறு வருவது எல்லையில் குறைவு, கிணற்றிலும் பாதையிலும்தான் அதிகம். கிணறு விழும் ஷெட்யூல்காரருக்கே கிணறு என்று எழுதிவிட்டால் மற்ற மூன்று துண்டும் மானாவாரி ஆகிவிடும். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, எந்த முறையில் இறைப்பது, அப்பா பெயரில் இருக்கும் இலவச மின் இணைப்பு யார் பெயருக்கு மாறினாலும் மற்றவர்களின் தண்ணீர் பாத்தியம் என்ன, குழாய் யார் நிலத்தின் வழியாகப் போகும் என்பதை எழுதுங்கள். பின்னால் இருக்கும் துண்டுக்கு டிராக்டர் போகும் அகலத்தில் வண்டிப்பாதை விடுங்கள். அந்தப் பாதையின் அகலத்தை அடிக்கணக்கில் குறிப்பிடுங்கள். பதிவு முடிந்ததும் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். அதன் பிறகு அக்காக்களின் நிலத்தை நீங்களே குத்தகைக்கு உழலாம். விற்க விரும்பினால் நீங்களே வாங்கலாம். அப்போது விலையை அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பில் பேசாதீர்கள். பக்கத்துத் தோட்டம் கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும், அந்த விலையில் பேசுங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் அக்காக்கள் உங்களுக்கே தர விரும்பலாம். அது அவர்கள் உரிமை. அப்படியானால் அடுத்த மாதப் பதிவைத் தள்ளிப்போடுங்கள். பங்குக் கணக்கையும் பத்திர நகலையும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பி, உங்கள் எழுத்தரிடம் இல்லாமல், அவர்களே தேர்ந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். கூடவே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்த விசேஷத்துக்கு மாமன் சீரோடு வருவேன் என்று. அதைப் பத்திரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும்.