தாம்பரத்திலிருந்து ஆவடி போய்வர உண்மையில் எவ்வளவு ஆகிறது?

கேள்வி: எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். அம்மா அப்பா ஆவடி காமராஜ் நகரில் இருக்கிறார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் கார் ஓட்டிக்கொண்டு போகிறேன். மளிகை, மாத்திரை, சமைத்த குழம்பு எல்லாம் எடுத்துப் போவேன். இரண்டாவது சனிக்கிழமை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போக வேண்டும். பைபாஸில் போனால் ஒரு வழிக்கு 36 கிலோமீட்டர். ஏழு வருடப் பழைய வேகன் ஆர், பெட்ரோல் வண்டி, கடன் முடிந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் தம்பி, "அக்கா, உன் கார் செலவில் பாதியை நான் தருகிறேன், ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். பங்க்கில் வாராவாரம் 300 ரூபாய்க்குப் போடுவதால் 300 என்றேன். அவன் மாதம் 600 அனுப்புகிறான். என் கணவரோ, "நீ சொன்ன கணக்கு தப்பு. காரை விற்றுவிட்டு கால் டாக்ஸியில் போனால்கூட இதைவிட மலிவு" என்கிறார். அவர் வேலைக்கு ரயிலில்தான் போகிறார். யார் சொல்வது சரி? அதோடு, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அப்பா கார் ஜன்னல் வழியாக 500 ரூபாயைத் திணிக்கிறார். அதைக் கழித்துவிட்டுத்தான் தம்பியிடம் கேட்க வேண்டுமா?

பதில்: உங்கள் கணவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதி, நீங்கள் வருடத்துக்கு எத்தனை முறை போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 300 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய்க்கு மூன்று லிட்டர்கூட வராது. உங்கள் வண்டி ஊருக்குள்ளும் பைபாஸிலுமாகச் சேர்த்து லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால், மூன்று லிட்டரில் 45 கிலோமீட்டர்தான் ஓடும். நீங்கள் ஓட்டுவது 72. மீதி 27 கிலோமீட்டருக்கு யார் பெட்ரோல் போட்டது? உங்கள் கணவராகத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை முள் கீழே இறங்கியதும் அவர் கார்டைத் தேய்த்து ஃபுல் டேங்க் போடுவார், அது வீட்டுச் செலவில் போய்விடும். வாரத்துக்கு 185 ரூபாய், வருடத்துக்கு சுமார் 9,600 ரூபாய் இப்படி யார் கணக்கிலும் வராமல் போகிறது. அவருடைய கோபத்துக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. நானும் பல வருடம் "500-க்குப் போடுங்க" ஆசாமிதான். மாதம் 2,000 ரூபாய்க்குள் பெட்ரோல் முடிகிறது என்று சத்தியம் செய்திருப்பேன். ஒருநாள் வண்டியின் டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டைப் போட்டு எழுத ஆரம்பித்தேன். மாதக் கடைசியில் கூட்டினால் 3,700. பணமாகக் கொடுத்தது, கார்டில் போனது, செல்போனில் ஸ்கேன் செய்தது என்று மூன்று பையிலிருந்து போனதால் மொத்தம் கண்ணில் படவே இல்லை.

அதனால் மைலேஜை மட்டும் ஊகமாக வைக்காதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பங்க்கில் ஃபுல் டேங்க் போடச் சொல்லுங்கள். பெட்ரோல் போடும் துப்பாக்கி தானாக 'டக்' என்று நின்றதும் போதும், அதற்கு மேல் ரவுண்டு தொகைக்காக நிரப்ப வேண்டாம். ஓடோமீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை போய்வந்து, அதே பங்க்கில் மறுபடி டக் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உங்கள் ஆவடி மைலேஜ் கையில் கிடைக்கும். ஒரு முறை போதாது, இரண்டு மூன்று வாரம் பார்த்து சராசரி எடுங்கள். விளம்பரத்தில் போட்ட மைலேஜை எந்த வண்டியும் அம்பத்தூர் சிக்னலில் கொடுத்ததில்லை.

இப்போதைக்கு 15 என்றே வைத்து மேலே போவோம். 72 கிலோமீட்டருக்கு 4.8 லிட்டர், 485 ரூபாய். அடுத்தது தேய்மானம். நான்கு டயர் மாற்ற 16,000 ரூபாய் ஆகிறது, 40,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் கிலோமீட்டருக்கு 40 பைசா. சர்வீஸுக்கு 75 பைசா. பிரேக் பேட், அலைன்மென்ட், பஞ்சர் எல்லாவற்றுக்கும் 35 பைசா. மொத்தம் ஒன்றரை ரூபாய். ஒரு சனிக்கிழமைக்கு 108. இந்தப் பணம் அன்றைக்குக் கையை விட்டுப் போகாது, ஆனால் சர்வீஸ் பில்லாக மொத்தமாக வந்து நிற்கும்.

டோலுக்கு வருவோம். இரும்புலியூரில் பைபாஸ் ஏறி அம்பத்தூரில் இறங்கினால் வானகரம் டோல்கேட்டில் பிடிப்பார்கள். உங்கள் ஃபாஸ்டேக் மெசேஜில் இருக்கும் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் கணக்குக்காக ஒரு வழிக்கு 50 என்று எடுத்துக்கொள்கிறேன். தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில் 24 மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டால் போகவர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் பிடிக்க வேண்டும். ஆக 75. திரும்பும்போது பிடித்தது குறைவாக இருக்கிறதா என்று ஒரு தடவையாவது மெசேஜைப் பாருங்கள்.

485, 108, 75. கூட்டினால் 668. தம்பியிடம் 670 என்று சொல்லுங்கள். வருடத்துக்கு 52 வாரம், மாதத்துக்குச் சராசரி 2,900 ரூபாய். பாதி 1,450. அவன் அனுப்புவது 600.

டோலை மிச்சம் பிடிக்கலாமே என்று பல்லாவரம், குன்றத்தூர், பூந்தமல்லி வழியாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட 66 கிலோமீட்டரில் போய்வரலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சாலையில் இரண்டாவது கியரிலேயே பாதி வழி போக வேண்டியிருக்கும். மைலேஜ் 15-லிருந்து 12-க்கு இறங்கினால் ஐந்தரை லிட்டர், 555 ரூபாய். பெட்ரோலில் 70 ரூபாய் கூடுதல். 75 ரூபாய் டோலைத் தவிர்த்து 70 ரூபாயைப் பங்க்கில் கொடுத்துவிட்டு, முக்கால் மணி நேரம் கிளட்ச்சை மிதித்த கால் வலியோடு வீடு வருவீர்கள். தூரம் குறைந்ததால் தேய்மானத்தில் ஒன்பது ரூபாய் மிச்சம், அவ்வளவுதான்.

இன்னொரு வழி, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை. மொத்தம் 60 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதில் நெமிலிச்சேரி வரைக்கும் உள்ள முதல் பகுதி 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓட்டுவதற்கு சுகமான சாலை. முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் குடியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். கிழக்குத் தாம்பரத்திலிருந்து வண்டலூருக்குப் போய் ஏறி, அந்தப் பக்கம் நெமிலிச்சேரியில் இறங்கி மறுபடி ஆவடிக்கு உள்ளே வருவது உங்களுக்குச் சுற்று. வரதராஜபுரம், கொளப்பஞ்சேரி என்று இரண்டு இடத்தில் டோலும் உண்டு. விட்டுவிடுங்கள்.

வெளிவட்டச் சாலையைப் பேசும்போது ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் நிறைய பேர் ஏமாந்து என்னிடம் வருகிறார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது. சொந்த உபயோகக் கார்களுக்கு மட்டும். அறிமுக விலை 3,000 ரூபாய், 200 தடவை கடக்கலாம், அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அது வரை. இது தேசிய நெடுஞ்சாலை, தேசிய விரைவுச்சாலை டோல்கேட்டுகளில்தான் செல்லும். வெளிவட்டச் சாலை மாநில அரசுடையது, அங்கே பாஸ் இருந்தாலும் வழக்கம்போல ஃபாஸ்டேக் பேலன்ஸிலிருந்து போகும். வானகரம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கீழ் வருவதால் உங்களுக்குப் பலன் உண்டு.

எவ்வளவு பலன்? இந்த பாஸில் போவது ஒன்று, வருவது ஒன்று என்று இரண்டாகக் கழியும். 52 சனிக்கிழமைக்கு 104. டோலாகக் கொடுத்தால் வாரம் 75 வீதம் 3,900. பாஸ், அந்த அறிமுக விலையில், 3,000. நேரடி மிச்சம் 900 ரூபாய்தான், ஆனால் மீதி 96 கையில் இருக்கிறது. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் திருச்சிப் பக்கமோ மதுரைப் பக்கமோ காரில் போகிற வழக்கம் இருந்தால் பரனூர் டோல்கேட்டில் தொடங்கி வழி நெடுக அதையே பயன்படுத்தலாம். அப்போது பாஸ் எடுப்பதில் சந்தேகமே வேண்டாம். வருடத்தில் 40 சனிக்கிழமைக்குக் குறைவாகத்தான் போவீர்கள், வெளியூரும் போகமாட்டீர்கள் என்றால் எடுக்க வேண்டாம். ராஜ்மார்க் யாத்ரா செயலியில் வாங்கலாம். உங்கள் ஃபாஸ்டேக் கார் வாங்கும்போது ஷோரூமில் ஒட்டியதாக இருந்தால், அதில் வண்டி நம்பர் ஏறியிருக்கிறதா, சேஸிஸ் நம்பர் மட்டும்தானா என்று முதலில் பாருங்கள். சேஸிஸ் நம்பர் மட்டும் இருந்தால் பாஸ் கிடைக்காது.

இப்போது காரை விற்கலாமா என்ற கேள்வி. கார் சும்மா நின்றாலும் தின்கிற செலவு ஒன்று உண்டு. இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு 8,000 ரூபாய், வண்டியின் விலை வருடத்துக்கு 25,000 இறங்குகிறது என்று வைப்போம். 33,000. நீங்கள் ஆவடிக்குப் போனாலும் போகாவிட்டாலும் இது போகும். அதனால்தான் தம்பிக்குச் சொன்ன 670-இல் இதைச் சேர்க்கவில்லை. ஆவடிக்காக வாங்கிய கார் இல்லையே.

ஆனால் விற்பதா வேண்டாமா என்று பார்க்கும்போது இதைச் சேர்த்தே ஆக வேண்டும், விற்றால் இந்தச் செலவு நின்றுவிடும். கால் டாக்ஸி செயலியில் சனிக்கிழமை காலையில் உங்கள் வீட்டிலிருந்து ஆவடிக்கு என்ன காட்டுகிறது என்று இரண்டு மூன்று வாரம் பாருங்கள். ஒரு வழிக்கு 820 என்று வைக்கிறேன், போகவர 1,640. உங்கள் காரில் 670. ஒவ்வொரு தடவையும் 970 மிச்சம். 33,000-ஐ 970-ஆல் வகுத்தால் 34. வருடத்துக்கு 34 தடவைக்கு மேல் போனால் கார் இருப்பது லாபம், குறைந்தால் டாக்ஸி லாபம். நீங்கள் 52 தடவை போகிறீர்கள். காரை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் நினைப்பது மாதம் இரண்டு முறை போகிற வீட்டுக்குப் பொருந்தும். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், மருந்துச் சொட்டு விட்டு, அரைக்கண் திறந்தவரை வெயிலில் நிறுத்தி டாக்ஸிக்குக் காத்திருப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சாமான் எதுவும் இல்லாத வாரம் ரயிலையும் யோசிக்கலாம். தாம்பரத்தில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதையில் சென்ட்ரல் புறநகர் நிலையம், அங்கிருந்து ஆவடி. இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். குழம்புப் பாத்திரத்தோடு அந்த சுரங்கப்பாதைப் படியில் ஏறி இறங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தம்பியிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். "முன்னாடி பெட்ரோலை மட்டும், அதுவும் குறைச்சு சொல்லிட்டேன்டா. டயர், சர்வீஸ், டோல் சேர்த்து 670 ஆகுது. ஃபுல் டேங்க் பில்லும் ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டும் அனுப்புறேன்" என்று இரண்டு வரி போதும். பழைய மாதங்களுக்கான பாக்கியைக் கேட்காதீர்கள், அது நீங்கள் சொன்ன கணக்கு. உடன்பிறந்தவர் அனுப்பும் பணத்துக்கு வருமான வரி கிடையாது, அந்தப் பயம் வேண்டாம். மளிகைக்கும் மாத்திரைக்கும் நீங்கள் போடும் பணத்தை இதோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள். உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் கார் செலவைவிட அதுதான் பெரிதாக இருக்கும் என்று தோன்றுகிறது.

அப்பா தரும் 500-ஐக் கழிக்க வேண்டாம். மகள் வீட்டுக்கு வந்து போகும்போது வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் இல்லை, அதற்குப் பெட்ரோல் பில்லோடு சம்பந்தம் கிடையாது. வாங்கிக்கொள்ளுங்கள். தம்பியிடம் அதை மறைக்கவும் வேண்டாம், அவன் வந்தாலும் அவர் இதையேதான் செய்வார்.

ஏப்ரல் முதல் தேதி வானகரத்தில் கட்டணம் மாறும். அந்த வாரம் ஃபாஸ்டேக் மெசேஜைப் பார்த்து 670-ஐத் திருத்திக்கொள்ளுங்கள்.