ஓடுகிற பிள்ளைக்கு நாடி 46 என்றால் பயப்பட வேண்டுமா?

மகன் 5000 மீற்றர் ஓடுகிறவன், சோதனையில் நாடி நிமிடத்துக்கு 46 என்று வந்ததும் அம்மாயி முதற்கொண்டு எல்லோரும் ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள், கடும் பயிற்சி இதயத்தைக் கெடுத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஹட்டன் பக்கம் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறவன், வைத்தியன் இல்லை. மயக்கம், நெஞ்சுவலி ஒன்றும் இல்லையென்றால் அந்த 46 பெரும்பாலும் பயிற்சியின் பலன்தான்.

தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு இடது இதயவறை கொஞ்சம் விரியும், சுவரும் சற்றுத் தடிக்கும். ஒரு துடிப்பிலேயே கூடுதல் இரத்தம் போய்விடுவதால் ஓய்வில் அடிக்கடி துடிக்கத் தேவையில்லை. ஓய்வில் எல்லோருக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் போதும். முழு வேகத்தில் ஓடும்போது பயிற்சி இல்லாதவருக்கு 20 லீற்றர் அளவில் நின்றுவிடும், உச்ச நிலை வீரர்களுக்கு 35ஐத் தாண்டும். 1899இலேயே சுவீடன் வைத்தியர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சில் விரலால் தட்டிப் பார்த்தே அவர்களுடைய இதயம் பெருத்திருப்பதைச் சொன்னார். பயிற்சியை விட்டால் அது பெரும்பாலும் பழையபடி சுருங்கும்.

பயப்பட வேண்டிய இதயம் வேறு. இதயத் தசை தடிக்கிற பரம்பரை நோய் ஒன்று ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு உண்டு. பயிற்சியால் அது வருவதில்லை, ஆனால் கடும் ஓட்டத்தில் உயிரைப் பறிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு, இதயத்தின் மின்துடிப்பைக் கோடுகளாகப் பதியும் ஈசிஜியும், ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவும் எடுத்தே ஆக வேண்டும். "சாப்பிடாமல் ஓடினான், அதான்" என்று விட்டுவிடாதீர்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது காய்ச்சல். மழைக்காலத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நடுங்கியபடி மைதானத்துக்கு வந்து, "போட்டிக்கு ரெண்டு கிழமைதான் சேர், ஓடுறேன்" என்பார்கள். வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அந்த நேரத்து ஓட்டம் ஆபத்து. அழுதாலும் சரி, திருப்பி அனுப்பிவிடுவேன்.

காலையில் படுக்கையை விட்டு எழும்ப முன்னரே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடியை எண்ணி, ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட 10 கூடியிருந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். கீழ்நாட்டிலிருந்து நுவரெலியா முகாமுக்கு வந்த முதல் நாட்களில் மட்டும் விதிவிலக்கு. 1868 மீற்றர் உயரத்தில் ஒட்சிசன் குறைவு என்பதால் யாருக்கும் கொஞ்சம் கூடும்.

அப்புறம், மனம் ஆற ஒரு ஈசிஜி எடுப்பதானால், இவன் தினமும் ஓடுகிறவன் என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பயிற்சி ஈசிஜியின் கோடுகளையும் மாற்றும், அது தெரிந்தால்தான் அவர் சரியாக வாசிப்பார்.