சுவரில் அருவி, கிண்ணத்தில் சப்பென்று சூப்

கேள்வி: திருமண நாளுக்கு ஒரு பெரிய உணவகத்துக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்கத் தண்ணீர் கொட்டுகிறது, கூரையிலிருந்து கண்ணாடிப் பறவைகள் தொங்குகின்றன, வாயைப் பிளந்துகொண்டுதான் உட்கார்ந்தோம். சாப்பாடு வந்ததும் எல்லாம் போச்சு. சூப்பில் உப்பே இல்லாத மாதிரி இருந்தது, மீன் ஆறிப்போயிருந்தது. அதே இடத்தில் மதியம் சாப்பிட்ட தோழி நன்றாக இருந்தது என்கிறாள். எங்கள் நாக்கில்தான் கோளாறா?

பதில்: நாக்கை விடுங்கள், எனக்கு உங்கள் காதின் மேல்தான் சந்தேகம். சத்தம் அதிகமாக இருந்தால் உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரியும். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் ஹெட்ஃபோனில் இரைச்சலைப் போட்டுவிட்டுத் தின்னக் கொடுத்துப் பார்த்தபோது அப்படித்தான் ஆனது, மொறுமொறுப்பு மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. நீங்கள் போன இடத்தில் அருவி, கண்ணாடி, உயரமான கூரை, அநேகமாகப் பளபளக்கும் கல் தரையும் இருந்திருக்கும். கண்ணுக்கு அழகான இவற்றில் அருவி தானே இரையும், மற்றவை சத்தத்தை அதிகம் உறிஞ்சாது, திருப்பித்தான் அனுப்பும். பக்கத்து மேஜைக்காரர் குரலை உயர்த்தினால் நாமும் உயர்த்துவோம், அதற்கு லம்பார்டு விளைவு என்று பெயரே இருக்கிறது. மதியம் கூட்டம் குறைவாக இருந்திருந்தால் உங்கள் தோழிக்கு அந்தத் தொல்லை இருந்திருக்காது.

ஆனால் ஆறிய மீனுக்கு அறிவியலைச் சாட்சிக்குக் கூப்பிட நான் தயாரில்லை, அது சமையலறையின் குறை. அகலமான தட்டைச் சூடாக்காமல் அதன் நடுவில் உள்ளங்கை அளவு மீனை வைத்தால், தட்டே பாதிச் சூட்டைக் குடித்துவிடும். (நீங்கள் எத்தனை போட்டோ எடுத்தீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.)

கேள்வி: இடம் அழகாக இருந்தால் சாப்பாடும் ருசிக்கும் என்கிறார்களே, பொய்யா?

பதில்: பாதி உண்மை. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே சொல்லி அதை வர்ணித்தார்கள். கண் அந்த அளவுக்கு மூக்கையும் நாக்கையும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் எதிர்பார்த்ததற்கும் வாயில் விழுந்ததற்கும் இடைவெளி சின்னதாக இருக்கும் வரைதான் இது செல்லும். அதற்கு மேல் போனால் கதை தலைகீழ், உள்ளதைவிட மோசமாகத் தெரியும். உங்களுக்கும் இதே அனுபவம் இருக்கும், சின்னக் கடையில் 'பரவாயில்லையே' என்று குடித்த சூப், பளிங்கு மேஜைக்கு வந்தால் 'இதுக்கா இவ்வளவு?' ஆகிவிடும்.

கேள்வி: மிஷலின் வழிகாட்டி நல்ல உணவகங்களுக்குத் தரும் நட்சத்திரத்தை ஓர் இடம் வாங்கினால் அலங்காரமும் பிரமாதமாக இருக்குமா?

பதில்: அவசியமில்லை. நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். இடத்தின் வசதிக்கு அவர்கள் கரண்டியும் முள்கரண்டியும் சேர்ந்த தனிக் குறி வைத்திருந்தார்கள்.

கேள்வி: பிடிக்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பில் கட்டும்போது சொல்லலாமா?

பதில்: அப்போது சொன்னால் அவர்களால் வருத்தம் தெரிவிக்க மட்டும்தான் முடியும். இரண்டாவது கரண்டியிலேயே கூப்பிட்டு, 'நல்லா இல்லை' என்று பொதுவாகச் சொல்லாமல் 'மீன் ஆறியிருக்கு, மாற்றித் தர முடியுமா' என்று கேளுங்கள். பாதி தின்ற தட்டைக் காட்டிக் கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். அப்படியே அருவியிலிருந்து தள்ளி ஒரு மேஜை காலியாக இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.